சூடத்துக்கு வாய்தா கிடையாது

வக்கீல் ஹரிகிருஷ்ணனுக்கு வாய் உண்டு. கோர்ட்டில்தான் அது திறக்காது. ராஜபாளையம் ஆபீசில் உட்கார்ந்து என் கேஸைப் பற்றிப் பேசினாரென்றால், எதிராளி சமுத்திரம் அன்றைக்கே கம்பி எண்ணப் போய்விடுவான் என்றிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கேஸைக் கூப்பிடும்போது ஆளைக் காணாது. ஜூனியர் பெண் எழுந்து வாய்தா வாங்கிவிட்டு உட்காருவாள். மறுநாளே போன் வரும், நேற்று வாதாடியதற்கு ஃபீஸ் கேட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேஸ் என்ன பெரிய கேஸா? சேத்தூரில் எங்கள் மாந்தோப்புக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துத் தோப்புக்காரன் சமுத்திரம் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டான். போன இரண்டு வருஷமும் காயைத் தலைச்சுமையாக வரப்பு வழியே தூக்கியதில், பாதி அழுகிப் போயிற்று. இந்த வருஷமும் காய் முற்றிவிட்டது. பாதை திறக்காவிட்டால் தோப்பை விற்க வேண்டியதுதான். வாங்குவதற்குச் சமுத்திரமே தயாராக நிற்கிறான், எடுபட்ட பய.

ஸ்ரீவில்லிபுத்தூரில் யுவராணி என்ற வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். பாதையைத் திறக்கச் சொல்லி உடனே உத்தரவு கேட்கலாம், ஆனால் பழைய வக்கீல் கேஸ்கட்டைத் தந்து, புது வக்காலத்தில் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஹரிகிருஷ்ணனோ பாக்கி ஃபீஸை வைத்தால்தான் கையெழுத்து என்றார். வராத கோர்ட்டுக்கு என்ன பாக்கி? பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதுவேன் என்றேன். தாராளமாக எழுதுங்கள், நானே நன்றாக எழுதித் தருகிறேன், அதற்குத் தனி ஃபீஸ் என்றார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்குப் பெருமாள் பக்தி அதிகம். சனிக்கிழமை தவறாமல் நெற்றி நிறைய நாமத்தோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு வந்துவிடுவார். அந்தச் சனிக்கிழமை மலையடிவாரத்தில் நானும் நின்றேன். அவர் காரை விட்டு இறங்கியதும், படிக்கட்டில் சூடத்தை ஏற்றினேன்.

"வக்கீலய்யா, அம்புட்டு வாய்தாவுக்கும் கோர்ட்டுக்கு வந்தேன்னு இதை அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. கேட்ட ரூபாயை இப்பமே தாரேன்."

கூட்டம் கூடிவிட்டது. எத்தனையோ சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் செய்ய வைத்த மனிதர், ஒரு துண்டுச் சூடத்தைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தார்.

"இன்னைக்கு வேண்டாம்மா. அடுத்த சனிக்கிழமை பாத்துக்கிடுவோம்."

"பெருமாள்கிட்டயும் வாய்தாவா?"

சனம் கொல்லென்று சிரித்தது. என்னிடமிருந்து பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கி, நான் கொண்டுபோயிருந்த வக்காலத்தைக் காரின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். கேஸ்கட்டை ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஆனாலும் ரோஷம் விடவில்லை. அந்தப் பாதை உங்களுடையதுதான் என்று நீங்கள் அணைப்பீர்களா என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. உள்ளங்கையால் அமுக்கி அணைத்தேன். சுரீரென்றது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தொண்டையைச் செருமாமல் வக்கீல் குரல் இல்லாமல் சொன்னார்:

"மாரிக்கனியம்மா, இதைச் சமுத்திரம் வீட்டு வாசல்ல பண்ணிருந்தா கேஸே வேண்டாமே."

அவரை அறையலாம் போல இருந்தது. என்னையும்தான்.

நேரே சேத்தூருக்கு பஸ் ஏறி, மிச்சச் சூடத்தோடு சமுத்திரம் வீட்டு வாசலில் போய் நின்று, அதை ஏற்றினேன். பாதை உன்னுடையது என்றால் அணை என்றேன். அவன் சூடத்தைப் பார்த்தான், கொப்பளித்திருந்த என் கையைப் பார்த்தான். உள்ளே போய் அரிவாளோடு வந்தான். நான் வாசலை விட்டு ஒதுங்கினேன். அவன் என்னைத் தாண்டி நடந்து போய், பாதையில் கிடந்த முள்ளை வெட்டி இழுத்துப் போட ஆரம்பித்தான்.

மறுவாரம் மாங்காய் வண்டி அந்த வழியாகத்தான் போனது. மூன்று வருஷத்தில் ஹரிகிருஷ்ணன் எனக்குச் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான். அதற்கு மட்டும் அவர் இன்னும் ஃபீஸ் கேட்கவில்லை.