கடைசி ஆள் வரும்வரை

எறிகயிறு இருட்டிலிருந்து பாய்ந்து வந்து சிமெண்டுத் தரையில் சொத்தென்று விழுந்தது. ஆர்கிரிஸ் ஓடிப்போய் அதன் நுனியை மிதித்துப் பிடித்தான். கிரேக்க நாட்டுக் கடாகோலோ துறையில் இன்னும் விடியவில்லை. ஒரு தெருவையே நிமிர்த்தி வைத்தாற்போல வெள்ளைக் கப்பல் தலைக்கு மேலே நின்றது. உள்ளே தூங்குகிறவர்கள் கண்விழித்துத் திரையை விலக்கும்போது எதிரே ஊர் தயாராக இருக்க வேண்டும். அந்த ஊரை அவர்கள் ஜன்னலுக்குக் கொண்டுவந்து கட்டுவது கீழே நிற்கும் நாலு பேரின் முதுகெலும்பு என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

மெல்லிய எறிகயிற்றை இழுக்க இழுக்க, அதன் பின்னால் தொடைப் பருமனுள்ள வடம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டு மேலே வந்தது. நனைந்த வடம் பிணமாகக் கனக்கும். அதன் நுனியில் உள்ள கண்ணியைத் தூக்கிக் கரையில் ஊன்றிய இரும்புக் குற்றியில் மாட்ட வேண்டும். உப்பு உள்ளங்கை வெடிப்புகளில் புகுந்து எரிந்தது.

"இழு மாப்பிள்ளை, இழு! நேத்து சாயங்காலம் தின்ன ஆட்டுக்கறியெல்லாம் எங்கே போச்சு?" என்றான் ஆர்கிரிஸ்.

"உன் தங்கச்சி எங்க எனக்குக் கறி போட்டா? எலும்பை எனக்குப் போட்டுட்டு கறியை உனக்கு எடுத்து வச்சிட்டா மச்சான்" என்றான் பந்தெலிஸ், மூச்சிரைக்க.

கண்ணி குற்றியில் விழுந்தது. பந்தெலிஸ் நிமிர்ந்து மேலே பார்த்துக் கையை உயர்த்தினான். கப்பலின் மூக்கருகே நின்ற பிலிப்பைன்ஸ்காரன் ரொடேலும் கையை உயர்த்தினான். வாரம் தவறாமல் கயிறெறியும் அவனும் அதைப் பிடிக்கும் பந்தெலிஸும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் சிநேகிதர்கள்தான்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஆறு பேர். கப்பலின் தலைப்பக்கம் மூவர், வால்பக்கம் மூவர். இரண்டு பேர் வடத்தைத் தூக்குவார்கள். மூன்றாமவன் எதையும் தொடமாட்டான். சற்றுத் தள்ளி நின்று வடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். வடம் விறைத்தால் குரல் கொடுப்பான், கையை உயர்த்திக் கப்பலை நிறுத்துவான். மற்ற இருவரும் குனிந்திருக்கும்போது அவர்களுக்குக் கண் அவன்தான்.

அந்த மூன்றாம் ஆள் போன கதை ஒரு நல்ல காரியத்தில் ஆரம்பித்தது.

துறையின் ஏணியும் இவர்கள் பொறுப்புதான். சக்கரம் வைத்த இரும்பு ஏணி. பயணிகள் எல்லாரும் ஏறியபின் அதை உருட்டி விலக்கிவிட்டு வடங்களை அவிழ்ப்பார்கள். ஒருநாள் கப்பல் கிளம்பும் நேரம். ஒலிம்பியா இடிபாடுகளைப் பார்க்கப் போன ஒரு கிழவரும் அவர் மனைவியும் துறை முனையிலிருந்து ஓடிவந்தார்கள். கிழவருக்கு ஒரு கால் நொண்டி. மேலே நின்ற அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு "எடுங்க, எடுங்க" என்று கையாட்டினார். பந்தெலிஸ் ஏணிச் சக்கரத்தை ஒரு உதை உதைத்து, "ஐயோ, சிக்கிக்கிச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். மற்றவர்களும் சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்து மும்முரமாக ஆராய்ந்தார்கள். கிழவர் ஏறியதும் சக்கரம் குணமாகிவிட்டது. மாடங்களில் நின்ற பயணிகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து அது வழக்கமாகிப்போனது.

ஆர்கிரிஸின் தங்கை ஸகாரூலா, பந்தெலிஸின் மனைவி, துறையோரம் காப்பிக்கடை வைத்திருந்தாள். ஓட்டல் வேலை பார்த்தவள் என்பதால் ஆங்கிலம் தெரியும். பயணிகள் கைபேசியில் எழுதுவதையெல்லாம் வாசித்துக் காட்டுவாள்.

"இதைக் கேளுங்க. ஒரு அம்மா கப்பல்ல போறவங்களுக்கு யோசனை சொல்லியிருக்கா. 'கீழ்த்தளத்துல, கப்பலோட நடுவுல அறை எடுங்க, தலை சுத்தாது. குமட்டுனா பச்சை ஆப்பிள் தின்னுங்க. அறைச் சுவர் இரும்பு, காந்தக் கொக்கி கொண்டுபோனா துணி மாட்டலாம். பெட்டி வந்துசேர சாயங்காலம் ஆகும், நீச்சல் உடுப்பைக் கைப்பையில வச்சுக்குங்க.'"

"பச்சை ஆப்பிளாம்! நம்ம ஊஸோ சாராயம் ஒரு மடக்கு ஊத்தச் சொல்லு. கப்பல் சுத்துனாகூடத் தெரியாது" என்றார் த்ராசோஸ். கூட்டத்தில் மூத்தவர், வாயும் பெரியது.

"இருங்க, நம்ம ஊரு வருது. 'ஊர் சுத்திட்டு நேரத்துக்குத் திரும்புங்க, கப்பல் யாருக்கும் நிக்காது. கடாகோலோவுல மட்டும் கவலைப்படாதீங்க. அங்க கயித்துக்காரங்க தங்கமானவங்க. நீங்க வர்றதைப் பாத்தா ஏணிச் சக்கரம் தானா சிக்கிக்கும்.' அய்ய, உங்க படத்தை வேற போட்டிருக்கா!"

படத்தில் பந்தெலிஸ் தொப்பியைச் சாய்த்துக்கொண்டு பல்லைக் காட்டினான். அன்று அவன் நடையே மாறிப்போனது. உலகத்துக்கே தெரிந்துவிட்டதாம். எல்லாருக்கும் காப்பி அவன் செலவு.

உலகத்துக்குத் தெரிந்ததுதான் வினையாயிற்று. முன்பு ஓடிவந்தவர்கள் நடந்து வர ஆரம்பித்தார்கள். ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு, கடைகளில் ஆலிவ் எண்ணெய் விலை கேட்டுக்கொண்டு வந்தார்கள். வந்ததும் சக்கரத்தைப் படமெடுத்தார்கள். கயிறு கட்டும் குத்தகையை எடுத்திருந்த கொந்தோமாரிஸும் அந்த யோசனைகளைப் படித்துவிட்டார்.

"விளையாட நேரம் இருக்குன்னா ஆள் ஜாஸ்தியா இருக்குன்னு அர்த்தம்" என்றார் அவர். "பக்கத்துக்கு ரெண்டு பேர் போதும். வேடிக்கை பாக்கிறவனுக்குச் சம்பளம் குடுக்க நான் என்ன தர்மசத்திரமா நடத்துறேன்?"

"முதலாளி, அவன் வேடிக்கை பாக்கல. வடத்தைப் பாக்குறான்" என்றான் பந்தெலிஸ்.

"வடத்தை நீயே பாரு. உனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்கே."

"குனிஞ்சு தூக்கும்போது என் கண்ணு தரையில இருக்கும் முதலாளி."

"அப்ப நிமிந்து தூக்கு."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். இரண்டு பேருக்கு வேலை போனது. மற்ற நாலு பேரும் முணுமுணுத்தார்கள், காப்பி குடித்தார்கள், அடுத்த கப்பலுக்குப் போய் நின்றார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

விடியலில் ஆட்டுக்கறி பற்றிக் கேலி பேசிக் கட்டிய அதே கப்பல், அன்று பிற்பகல் கிளம்பத் தயாரானது. ஒரு ஜோடி நிதானமாக நடந்து வந்தது. பந்தெலிஸ் முணுமுணுத்துக்கொண்டேதான் சக்கரத்தை உதைத்தான். "விட்டுட்டுப் போயிட்டா தெரியாத ஊர்ல நிப்பாங்க மச்சான், பாவம்." அவர்கள் ஏறினார்கள், மாடங்களில் கைதட்டல் எழுந்தது. போன நேரத்தைப் பிடிக்கக் கப்பல் அவசரப்பட்டது. மேல்தளத்தில் பாட்டுப் போட்டார்கள்.

ஆர்கிரிஸும் பந்தெலிஸும் தலைப்பக்கக் கடைசி வடத்தின் கண்ணியைத் தூக்கக் குனிந்தார்கள். அது குற்றியை விட்டுப் பாதிதான் வெளியே வந்திருந்தது. மேலே இழுவை இயந்திரம் சுழலத் தொடங்கிவிட்டது. வடம் விறைத்தது. அறுந்துபோகுமுன் வடம் ரீங்காரமிடும். தள்ளி நிற்பவனுக்குத்தான் அது முதலில் தெரியும். தள்ளி நிற்க ஆளில்லை. பாட்டுச் சத்தத்தில் இவர்களுக்கும் கேட்கவில்லை. பீரங்கி வெடித்தாற்போல வடம் அறுந்த சத்தம் மட்டும் கேட்டது. ஆர்கிரிஸ் கண்ணைத் திறந்தபோது பந்தெலிஸின் தொப்பி அவன் காலடியில் கிடந்தது. பந்தெலிஸ் எங்கோ தூரத்தில் கிடந்தான். மேலே சிலர் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் பிர்கோஸ் நகரை எட்டுமுன் உயிர் போய்விட்டது. ஆம்புலன்ஸ் கண்ணுக்கு மறையும்வரை கப்பல் நின்றது. பிறகு போய்விட்டது. விடிந்தால் அடுத்த துறை அதற்கு.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் காப்பியும் பிராந்தியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கொந்தோமாரிஸ் ஆர்கிரிஸின் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போனார்.

"நல்ல பையன். என் மனசே சரியில்லப்பா. துறைமுகக் காவல்ல உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. அவன் மேலே பராக்குப் பாத்துக்கிட்டு கையாட்டிட்டு நின்னான்னு சொல்லிடு. உண்மையும் அதானே? ஜனங்களோட விளையாடுறவன்தானே அவன்?"

"அவன் குனிஞ்சிருந்தான் முதலாளி. என் தலையும் அவன் தலையும் முட்டிக்கிட்டிருந்துச்சு."

"நீ அதிர்ச்சியில இருக்கே. யோசிச்சுப் பாரு. இனிமே இங்க மேஸ்திரி நீதான். இல்லேன்னா பத்ராஸ் துறைமுகத்துல இருந்து ஆள் வர எவ்வளவு நேரமாகும்? குழந்தைகுட்டிக்காரன் நீ."

ஆர்கிரிஸ் பதில் சொல்லவில்லை. சொல்லாததை நினைத்து அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். இந்த ஊரில் கப்பலை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மச்சான் என்று கூப்பிட்டவன் மண்ணுக்குள் போய் ஒரு நாழிகை ஆகவில்லை, அதற்குள் மனசு கணக்குப் போடுகிறதே என்று நொந்துகொண்டான்.

மூன்றாம் நாள் இறந்தவன் நினைவாகக் கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவி, பூசை முடித்துக் கடையில் கூடினார்கள். த்ராசோஸ் இருந்தார். வால்பக்கத்தில் அவரோடு வேலை பார்க்கும் மீனாஸ் இருந்தான். வேலை போன இருவரும் வந்திருந்தார்கள். ஸகாரூலா கறுப்பு உடையில் காப்பிப் பாத்திரத்தைக் கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, முதலாளி உன்கிட்ட என்ன பேசினாருன்னு ஊருக்கே தெரியும்" என்றாள். "எனக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். இதை மட்டும் கேளு." கைபேசியை எடுத்து வாசித்தாள். குரல் பிசிறவில்லை. "அன்னிக்கு வந்த ஜோடி எழுதியிருக்கு. 'கடாகோலோ. இறங்கின இடத்துலயே கடைகள், காப்பி பிரமாதம். சொன்ன மாதிரியே எங்களுக்காக ஏணியை நிறுத்தினாங்க. கிளம்பும்போது ஏதோ கயிறு அறுந்து கொஞ்சம் தாமதம். மத்தபடி ஒரு குறையும் இல்ல.'"

மீனாஸ் கோதுமைக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அவங்களுக்குத் தெரியாது, விடு" என்றார் த்ராசோஸ் கடைசியில்.

"அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?" ஸகாரூலாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "பராக்குப் பாத்துச் செத்தான்னு எழுதிட்டா என் புருஷன் ரெண்டாந்தரம் சாவான். அப்புறம் அடுத்து குனியிறவன் எவனோ, அவனும் சாவான். அதுவும் பராக்குன்னு எழுதுவாங்க."

ஆர்கிரிஸ் தங்கையின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தான். "அப்படி எழுத விடமாட்டேன்" என்றான். "தனியா நான் சொன்னா, பைத்தியம் பிடிச்சவன்னு தள்ளிடுவாங்க. நாம எல்லாரும் சொல்லணும். வாயால சொன்னா பத்தாது."

வெள்ளைக் கப்பல் மறுபடி வந்தது. விடியலில் மிஞ்சிய மூன்று பேரும் வடங்களைப் பிடித்துக் கட்டினார்கள். ரொடேல் கயிறெறிந்துவிட்டுக் கீழே தேடினான். ஆர்கிரிஸ் தன் தலையிலிருந்த பந்தெலிஸின் தொப்பியைக் கழற்றிக் காட்டினான். ரொடேல் நெடுநேரம் கையை உயர்த்தியபடியே நின்றான்.

பிற்பகல் பயணிகள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். மேலே அதிகாரி கையாட்டினார். ஆர்கிரிஸ் சக்கரத்தை ஒரு உதை உதைத்தான். "சிக்கிக்கிச்சு" என்றான். மூன்று பேரும் நகரவில்லை.

மாடங்களில் பயணிகள் குதூகலமாகக் கைதட்டினார்கள். யார் ஓடிவருகிறார்கள் என்று கைபேசிகள் துறை முனையை நோக்கித் திரும்பின. அங்கே யாரும் இல்லை. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. கொந்தோமாரிஸின் கார் வந்து நின்றது.

"என்னடா கூத்து இது? எல்லாரும் ஏறியாச்சு! யாருக்குக் காத்திருக்கீங்க?"

"இன்னும் ஒருத்தன் வரணும் முதலாளி."

"யாரு?"

"பந்தெலிஸ்."

முதலாளியின் முகம் வெளிறியது. "செத்தவன் எப்படிடா வருவான்?"

"எப்படிச் செத்தான்கிறது வரட்டும். உங்க வாயாலயே வரட்டும். பக்கத்துக்கு மூணாவது ஆள் இல்லாமத்தான் செத்தான்னு துறைமுகக் காவல்ல சொல்லுங்க. அந்த ரெண்டு பேரும் திரும்ப வேலைக்கு வரட்டும். அப்ப சக்கரம் உருளும்."

"காலையில பத்ராஸ் ஆளுங்க இங்க நிப்பாங்க, தெரியுமா?"

"வரட்டும்" என்றார் த்ராசோஸ். "குனிஞ்சா யாரு பாத்துக்குவாங்கன்னு அவங்களும் கேக்கத்தான் போறாங்க."

முதலாளி தாமே ஏணியைத் தள்ளிப் பார்த்தார். ஒற்றை ஆள் பலத்துக்கு அது அசையவில்லை. ஸகாரூலா கடையைப் பூட்டிவிட்டு வந்து ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். வேலை போன இருவரும் வந்து நின்றார்கள். ஒலிம்பியாவுக்குப் பஸ் ஓட்டும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்கள். எண்ணெய் விற்பவள் வந்தாள். மேலே அதிகாரி ரொடேலிடம் ஏதோ கத்தினார். ரொடேல் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இழுவை இயந்திரத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றான். அவன் பக்கத்தில் இருந்தவர்களும் கழற்றினார்கள்.

கப்பல் ஒருமுறை ஊதியது, இன்னொரு முறை ஊதியது. நாளைக்கு வேலை இருக்குமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. முதலாளி கைபேசியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார், மிரட்டிக்கொண்டும் இருந்தார். மேல்தளத்தில் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஆர்கிரிஸ் நடந்துபோய், தலைப்பக்கக் குற்றிக்குச் சற்றுத் தள்ளி மூன்றாம் ஆளின் இடத்தில் நின்றான். வடத்தைப் பார்த்துக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனருகே மீனாஸ் வந்து நின்றான், பிறகு ஒரு பஸ் ஓட்டுநர், பிறகு எண்ணெய்க்காரி. அங்கே நின்றவர்கள் எல்லாரும் வடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.