சீனி படுக்கும் இடம்

எங்கள் பூனை சீனிக்குப் பதின்மூன்று வயது. நோன்பு முடிந்த மாதத்தில் அது வயிற்றை நக்கத் தொடங்கியது. முதலில் வழக்கமான நக்கல் என்று நினைத்தோம். அது நிறுத்தவில்லை. வயிற்றிலும் பின்கால்களின் உட்புறத்திலும் முடி போய்த் தோல் தெரிந்தது. தாடைக்குக் கீழே சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது.

தொழுகை அறையில்தான் அது தூங்கும். பூனை அங்கே வருவதில் உம்மாவுக்கு மனக்குறை இல்லை. இரத்தம்தான் பிரச்சினை. தரையில் ஒரு பொட்டுக் கண்டாலும் வாளியைக் கொண்டுவந்து அறை முழுவதையும் துடைப்பார்.

செவ்வாய்க்கிழமை வாப்பா முடிவைச் சொன்னார். "வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு வழி தெரியல்லண்டா ஸ்டோருக்குக் கொண்டு போறன். எலியாச்சும் பிடிக்கும்."

"அதுக்குப் பல்லே இல்ல வாப்பா."

"அப்ப எலிக்குக் கூட்டாளியா ஈக்கட்டும்."

உம்மா சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும் விருப்பமா மகள்? தொழுற எடம்."

வாப்பா சரக்கு வைக்கும் ஸ்டோர் அக்குறணைக் கடைகளுக்குப் பின்னால், ஆற்றோரத்தில் இருக்கிறது. பெருமழைக்கு வெள்ளம் ஏறும். சீனியால் இப்போது கட்டிலில்கூட ஏற முடியாது.

அன்றே நெருக்கமான சீப்பால் அதை வாரினேன். உதிர்ந்த கறுப்புத் துகள்களை ஈரத்தாளில் தட்டினேன். தெள்ளுப்பூச்சியின் எச்சமென்றால் சிவப்பாகக் கரையும். கரையவில்லை. வெறும் தூசி.

புதன்கிழமை பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். வைத்தியர் சீனியைப் புரட்டிப் பார்த்தார். தரையில் படும் இடங்களில் மட்டும்தான் புண் என்றார். பிறகு குனிந்து முகர்ந்தார்.

"வீட்டில் நிலம் துடைக்க என்ன பாவிக்கிறீர்கள்?"

எனக்குத் தெரியவில்லை. அறிவியல் பட்டதாரி என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உம்மா துடைப்பதைப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி கிருமிநாசினி மருந்து என்று போத்தலில் எழுதியிருந்தது. உம்மா அரை வாளிக்கு நாலு மூடி ஊற்றினார். வெறும் தண்ணீரால் மறுபடி துடைக்கவும் இல்லை. ஈரத்தின் மேல் சீனி போய்ப் படுத்தது.

முன்பெல்லாம் அது தொழுகை விரிப்பான முஸல்லாவின் மூலையில் படுக்கும். நோன்பிலிருந்து உம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை. கதிரையில் உட்கார்ந்து தொழுகிறார். முஸல்லா மடிக்கப்பட்டு அலுமாரிக்குள் போய்விட்டது.

துடைப்பதால் புண். புண்ணால் இரத்தம். இரத்தம் கண்டு மறுபடியும் துடைப்பு.

இதை உம்மாவிடம் சொல்ல வேண்டும். உம்மாவின் சுத்தத்தில் நான் ஒருநாளும் பிழை சொன்னதில்லை. குசினியில் தனியாக நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். வியாழன் காலையில்தான் வாய் வந்தது.

"உம்மா, அந்த மருந்தக் கொறைக்க ஏலுமா?"

"ஏன், மணக்குதா?"

"சீனிட வயித்த அதுதான் சுடுது."

உம்மாவின் கை நின்றது. "அப்ப, நானா செஞ்ச?"

நான் அலுமாரியைக் காட்டினேன். "முஸல்லா விரிச்சீந்தா அது தரையில படுக்காது."

"கதிரையில தொழுறவளுக்கு முஸல்லா என்னத்துக்கு?"

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. வாளியை வாங்கப் போனேன். உம்மா தரவில்லை. ஏலாத காலோடு அறையை வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்தார். காய்ந்ததும் அலுமாரியைத் திறந்து, முஸல்லாவைக் கதிரைக்கு முன்னால் விரித்தார்.

சீனி மூலையை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்தது. வயிற்றை நக்கியது. மறுபடியும் நக்கியது.

வெள்ளிக்கிழமை வாப்பா ஒரு காட்போட் பெட்டியோடு வந்தார். "சொகமாயிட்டா?"

"இன்னம் இல்ல," என்றார் உம்மா. "பெட்டியத் திரும்பக் கொண்டு போங்க."

பிறகு தொழக் கதிரையில் அமர்ந்து, முஸல்லாவில் பூனை படுத்ததுபோக மிஞ்சிய இடத்தில் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டார்.