கிடா விலைக்கு ஒரு டிப்ளமோ

கிஸ்லான் பெருநாள் ஆட்டுக் காசில் கைவைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த ஆறு வாரமும் அவள் நிம்மதியாகத் தூங்கவில்லை.

சஃபி துறைமுகத்தில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் அவளுக்குப் பத்து வருஷ வேலை. படகு வந்தால் கூலி உண்டு. வராவிட்டால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதே கூடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, மீனை முகர்ந்து பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுகிற பெண்களுக்கோ படகு வந்தாலும் வராவிட்டாலும் மாதச் சம்பளம். முகர்வதில் கிஸ்லானின் மூக்கு யாருக்கும் சளைத்ததில்லை. அவளிடம் இல்லாதது உணவுத் தரம் பார்க்கும் இரண்டு வருஷ டிப்ளமோ ஒன்றுதான். முப்பத்தொரு வயதில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

கணவன் ஜிலாலி டாக்சி ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிறவன். "ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டி, கடைசியில வேலை கெடைக்கலேன்னா?" என்று ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, ஒரு நிபந்தனையோடு தலையாட்டினான். "உன் படிப்பால இந்த வீட்டுல ஒரு குறை வரக் கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கே நிப்பாட்டிடணும்." அவளும் சரி என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் வரவில்லை. இந்தக் குளிர்காலத்தில்தான் படகுகள் காலை வாரிவிட்டன. மூன்று மாத ஃபீஸ் நின்றுபோனது. கட்டாவிட்டால் கடைசிப் பரீட்சை எழுத முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அவள், கணவன், மாமியார் மூன்று பேரும் சேர்த்து வைத்த ஆட்டுக் காசு ஒரு பால்மாவு டப்பாவில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதில் பாதிக்கு மேல் எடுத்துக் கட்டிவிட்டாள்.

பெருநாளன்று ஆடு அறுக்காத வீடு என்றால் அந்தத் தெருவில் லேசுப்பட்ட விஷயமில்லை. மாடியில் கறி சுடும் புகை வராவிட்டால் போதும், அடுத்த பெருநாள் வரைக்கும் அக்கம்பக்கத்துக்குப் பேச்சு கிடைத்துவிடும். மாமியார் தாமுவோ, கொம்பு வளைந்த கிடாவாக இல்லாவிட்டால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். ஜூனில் முதலில் பெருநாள், பிறகுதான் பரீட்சை. ஆடு வராத அன்றே படிப்பும் நின்றுவிடும். பரீட்சைக்குக் கட்டிய காசே பரீட்சைக்கு எமனாகிவிடும்.

பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்கு மூவரும் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் அமைச்சர் ஒருவர் நாட்டு மன்னரின் அரண்மனையிலிருந்து வந்த கடிதத்தை வாசித்தார். தொடர் வறட்சியில் மந்தைகள் குறைந்துவிட்டன, அதனால் இந்த வருஷம் யாரும் பெருநாளுக்கு ஆடு அறுத்துக் குர்பானி கொடுக்க வேண்டாம் என்றது கடிதம்.

கிஸ்லானின் கையிலிருந்து கரண்டி நழுவியது. ஓவென்று அழுதுவிட்டாள்.

"அட விடுடி, ஒரு வருஷம்தானே," என்று தாமு அவள் முதுகைத் தடவினாள். "எனக்கே இல்லாத துக்கம் இவளுக்கு! ஆட்டு மேல இம்புட்டுப் பாசமா?"

கிஸ்லான் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். துணிக்குள்ளே சிரித்தாள். மாடிக்கு ஓடிப்போய்க் குலவையிட வேண்டும் போல இருந்தது. பிழைத்தோம், பிழைத்தோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்தச் சந்தோஷம் சூப் ஆறும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

"அப்ப ஆட்டுக் காசு சும்மாதானே கெடக்கு?" என்றான் ஜிலாலி. "அந்த டப்பாவை எடு. டாக்சிக்கு டயர் மாத்திடலாம்."

ஆடு வேண்டாம் என்றால் காசைக் கேட்பார்கள் என்பது அவள் புத்திக்கு எட்டவேயில்லை. இதற்குப் பெயர் படித்தவள்! டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல கொஞ்சம்தான் இருக்கு. மிச்சத்தைப் பரீட்சைக்குக் கட்டிட்டேன். ஆறு வாரமாச்சு."

ஜிலாலி டப்பாவைத் திறந்து பார்த்தான். முகம் இறுகியது. "நம்ம பேச்சு என்ன?"

"வீட்டுல ஒரு குறை வரக் கூடாதுன்னு."

"அப்புறம்?"

"என்ன குறைஞ்சுபோச்சு, நீங்களே சொல்லுங்க. இந்த வருஷம் எந்த வீட்டு மாடியில புகை வரப்போகுது?"

ஆறு பயணிகளோடு ஒரே நேரத்தில் சண்டை போட்டு ஜெயிக்கிற ஜிலாலி விடுவதாயில்லை. "நீ எடுத்தப்ப இந்தக் கடுதாசி வரலையே!"

"வரலதான். அதான் இத்தனை நாளாச் செத்துட்டிருக்கேன்."

"சும்மா இருடா," என்றாள் தாமு. "இன்னும் எத்தனை மாசம்டி?"

"நாலு, அத்தை."

"முடிச்சா?"

"மாசாமாசம் சம்பளம். படகு வராட்டியும்."

தாமு விரல் மடக்கினாள். "போனது ஒரு கிடா. அதுவும் எப்படியும் அறுக்க முடியாத கிடா. வரப்போறது வருஷாவருஷம் ஒண்ணு, இவ சம்பளத்துல. கொம்பு வளைஞ்சதா இருக்கணும், சொல்லிட்டேன்!"

"வேலை கெடைக்கலேன்னா?"

"கெடைக்கலேன்னா உன்னை அறுத்துக்கறோம். நீயும் நல்லாத்தான் கொழுத்திருக்கே."

ஜிலாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. டப்பாவை மூடி மனைவி பக்கம் தள்ளினான்.

"வரப்போற ஃபீஸுக்கும் இதுல இருக்கிறதைக் கட்டிடு. பழைய டயர் ஜூன் வரைக்கும் ஓடும்."