மூன்றாம் இருக்கை

ஆற்றங்கரைப் படகுக் கொட்டகையின் கதவில் சனிக்கிழமை காலை ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. இறுதிப் போட்டிக்கான நால்வர் படகில் மூன்று இருக்கைகளுக்கு ஆள் முடிவாகிவிட்டது. மூன்றாம் இருக்கைக்கு மட்டும் நாளை காலை மாற்றுப் போட்டி. மோதுவோர் இருவர்: தபால்காரி, அவளுடைய நாத்தனார்.

தாளைப் படித்தவர்கள் அடுத்துத் தபால்காரியின் முகத்தைப் படிக்க முயன்றார்கள். பதினோராண்டுக் காலம் காற்றையும் கேலியையும் ஒருசேர வாங்கிய முகம் அது. எளிதில் எதையும் வெளியே விடாது.

"ஒரே வீடு, ஒரே அடுப்பு, இப்ப ஒரே சீட்டு," என்றாள் பேக்கரிக்காரி, துடுப்பைத் துடைத்தபடி. "இந்தச் சண்டைய வீட்டுலயே முடிச்சுட்டு வந்திருக்கக் கூடாதா? எங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைத் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்."

"வீட்டுல போட்டா இவ அண்ணன் குறுக்க வந்து விழுவாரு. அவரு எலும்பை யாரு பொறுக்குறது?" என்றாள் தபால்காரி.

கொட்டகை சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பெண்களின் அந்தக் குழு யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையன்று. கேட்டுப் பெற்ற உரிமை. பதினோராண்டுகளுக்கு முன் நான்கு பெண்கள் சங்கத்தின் வாசலில் வந்து நின்றார்கள். பள்ளி ஆசிரியை ஒருத்தி, எல்லாரும் நெட்டை என்று அழைக்கும் கட்டட மேற்பார்வையாளர் ஒருத்தி, பேக்கரிக்காரி, தபால்காரி. படகு வேண்டும் என்றார்கள். உங்கள் இடுப்பு தாங்காது என்றார்கள் ஆண்கள். நாட்டின் பாதி வீடுகளில் தண்ணீர்க் குடத்தைத் தாங்கும் இடுப்பு, பிள்ளையைத் தாங்கும் இடுப்பு, ஒரு துடுப்பின் இழுப்பைத் தாங்காதாம்! "வாயால அளக்காதீங்க, கடிகாரத்தால அளங்க," என்றாள் தபால்காரி. அடியில் தார் பூசி ஒட்டுப்போட்ட பழம்படகு ஒன்றைத் தள்ளிவிட்டு ஆண்கள் கடிகாரத்தை எடுத்தார்கள். அன்று அளந்த நேரம் இன்றும் சங்கத்துச் சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. கடிகாரத்துக்கு ஆணில்லை, பெண்ணில்லை. அதனாலேயே அவர்கள் அதை நம்பினார்கள்.

நாத்தனாரைக் கொட்டகைக்கு அழைத்து வந்தவளும் தபால்காரிதான். ஈராண்டுக்கு முன் மாமியார், "பொண்ணுக்குத் தோளு அகண்டு போச்சுன்னா யாரு கட்டிப்பான்?" என்று கேட்டபோது, "அவ தோளு அவளோடது, அத்தை. கட்டிக்க வர்றவன் அளவு டேப்போட வந்தா வாசல்லயே நிறுத்துங்க," என்றாள். மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்துவந்த அந்த இருபத்தொரு வயதுப் பெண், அண்ணியின் பின்னால் சைக்கிளில் உட்கார்ந்து ஆற்றுக்கு வந்தாள். இரண்டே ஆண்டில் அண்ணியின் இருக்கைக்கே நேராக வந்து நின்றாள்.

அந்தப் பருவம் கடுமையாகப் போயிற்று. பனி விலகாத காலைகளில் ஒரு மணி நேரம். பிறகு அவரவர் பிழைப்பு. மாலையில் கொட்டகைக்குள் எடை தூக்கல். உள்ளங்கையில் கொப்புளம் எழுந்து, உடைந்து, காய்த்தது. முதல் போட்டியில் நான்காம் இடம். இரண்டாவதில் மூன்றாம் இடம். மூன்றாவதில் ஒரு கை அகலத்தில் முதலிடத்தைத் தவறவிட்டார்கள். இறுதிப் போட்டி இன்னும் இரு வாரத்தில். தபால்காரியின் இடது முழங்காலைப் பார்த்த மருத்துவர், இந்தப் பருவத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். ஆக, அவளுக்கு அந்த இருக்கை இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை. அது குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

மாற்றுப் போட்டியின் முறை எளியது. இரண்டு நால்வர் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆற்றின் நடுவிலேயே படகுகளை ஒட்டி நிறுத்தி, போட்டியிடும் இருவரை மட்டும் இடம் மாற்றுவார்கள். மீண்டும் ஓட்டம். மற்ற ஆறு பேரும் இரண்டு தடவையும் ஒரே வலுவோடு இழுக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் யாரால் வந்தது என்று தெரியும். அந்த ஆறு பேரின் நேர்மைதான் அங்கே தராசு. தராசு சாய்ந்தால் அதைக் கண்டுபிடிக்க வேறொரு தராசு கிடையாது.

ஞாயிறு காலை, முதல் ஓட்டம். தபால்காரி தன் பழைய தோழியர் மூவரோடு முதற்படகில். நாத்தனார் இளையவர்களோடு இரண்டாவது படகில். முதற்படகு அரைப் படகு நீளத்தில் வென்றது. இடம் மாறினார்கள். படகு விட்டுப் படகு தாவும்போது நாத்தனார் அண்ணிக்குக் கை கொடுத்தாள்.

இரண்டாம் ஓட்டத்தில் தபால்காரி நுரையீரல் கிழிய இழுத்தாள். துடுப்பு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டியே உட்கார்வார்கள். பின்தங்கும் படகு அவர்கள் கண்ணெதிரே இருக்கும். முதற்படகு மெல்ல மெல்லப் பின்னால் நழுவுவதை அவள் கண்டாள். முதலில் நெஞ்சு துள்ளியது. அடுத்து, பார்க்கக் கூடாத ஒன்றைக் கண் பார்த்துவிட்டது.

ஒவ்வொரு இழுப்பும் நீரில் ஒரு சுழியை விட்டுச் செல்லும். முழு வலுவோடு இழுத்தால் சுழி கருத்து, ஆழ்ந்து, நெடுநேரம் சுற்றும். ஒப்புக்கு இழுத்தால் மேலே நுரைத்து அப்போதே கலைந்துவிடும். நெட்டை முதல் இருக்கைக்காரி; தபால்காரியின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து, அதே பக்கத்தில் துடுப்பு வலிப்பவள். அவள் விட்ட சுழி பதினோராண்டாகத் தபால்காரியின் துடுப்பைக் கடந்து போயிருக்கிறது. அதன் கருமையைத் தன் கையெழுத்தைப்போல் அவள் அறிவாள். இன்று முதற்படகின் பக்கவாட்டில் இரண்டு சுழிகள் தெரிந்தன. ஒன்று நாத்தனாருடையது, கிணறுபோல் ஆழம். மற்றொன்று நெட்டையுடையது, வெறும் வெண்ணுரை.

இரண்டாவது படகு கால் படகு நீளத்தில் வென்றது. பயிற்றுநர் விசைப்படகில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அவர் ஒருகாலத்தில் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். அளந்ததை மட்டுமே பேசும் பெண்மணி. "மூணாவது சீட்டு தபால்காரிக்கு," என்றார்.

தோழியர் மூவரும் கை தட்டினார்கள். மற்றவர்களைவிட ஒரு நொடி முன்னதாகவே தட்டினார்கள்.

தபால்காரி அப்போதே எழுந்து, நில்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரார் அநீதி செய்தால் எரிமலையாகக் குமுறியவள், அநீதி தன் மடியில் கனியாக விழுந்தபோது வாயடைத்துப் போனாள். கண் ஏமாந்திருக்கலாம் என்று தனக்குத்தானே வாதாடினாள். அலை குறுக்கே அடித்திருக்கலாம் என்றாள். திங்களன்று மூன்றாம் இருக்கையில் உட்கார்ந்து பயிற்சி செய்தாள். நெட்டையின் கருஞ்சுழி வழக்கம்போல் துடுப்பருகே வந்து கடந்து போனது. செவ்வாயன்றும் அப்படியே. கடிதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் படியேறினாள். யாருக்கு வந்த கடிதத்தையும் அவள் ஒரு நாளும் தன்னிடம் நிறுத்தி வைத்துக்கொண்டதில்லை. இந்த ஒன்றை வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை. சமையலறையில் கணவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் தோள் வலின்னு சொல்லிச் சொல்லி என்னை நல்ல பொண்டாட்டியா ஆக்கிட்டீங்க," என்றார். அதற்கு நாத்தனார் சிரிக்கவில்லை. துவைத்து மடித்த பயிற்சிச் சட்டைகளை ஒரு பையில் போட்டு அண்ணியின் முன் வைத்தாள்.

"இதைப் புதுசா வர்ற பொண்ணுங்க யாருக்காவது குடுத்துடுங்க, அண்ணி."

"ஏன்? உனக்கு?"

"நாளைக்குக் கிடங்குல காலை ஷிப்டுக்கு எழுதிக் குடுக்கப் போறேன். இனி ஆத்துக்கு வரமுடியாது." அவள் குரலில் அழுகை இல்லை, அதுதான் கொடுமை. "மனசுல குறை இல்ல அண்ணி. உடம்புதான் போதல. உங்க படகு அரை நீளம் ஜெயிச்சிச்சு. அதே படகு, அதே மூணு பேரு, நான் ஏறினதும் தோத்துப் போச்சு. நான் ஏறுனா படகு கனமாயிடுது."

தோள் அகன்று போகும் என்று வீடு மிரட்டியபோது மசியாத பெண், தன் தோளையே தான் நம்பாமல் நின்றாள். எந்த எதிரியும் செய்ய முடியாததை நட்பு செய்து முடித்திருந்தது.

"உக்காரு," என்றாள் தபால்காரி. "கனம் உன்னோடது இல்ல. அவங்க மூணு பேரும் இழுக்கல."

குழாய் நின்றது. கணவர் கையிலிருந்த தட்டோடு அப்படியே திரும்பினார்.

"யாரு சொன்னா?" என்றாள் நாத்தனார்.

"யாரும் சொல்லல. நெட்டையோட சுழியைப் பாத்தேன். வெறும் நுரை. உன்னோடது மட்டும்தான் ஆழமா இருந்துச்சு. மூணு பேரும் மத்தவங்களுக்கு முன்னாடியே கை தட்டினதையும் பாத்தேன்."

"எப்ப பாத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை. தண்ணியிலயே."

நாத்தனார் எழுந்து நின்றாள். "இன்னிக்குப் புதன்கிழமை, அண்ணி," என்றாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்தவில்லை, மெல்லச் சாத்தினாள்.

வியாழன் காலை கொட்டகையில் தபால்காரி படகைத் தொடவில்லை. தோழியர் மூவருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓட்டத்துல நீங்க இழுத்தீங்களா?"

டீச்சர் தரையைப் பார்த்தாள். பேக்கரிக்காரி துணியை முறுக்கினாள். நெட்டை மட்டும் நிமிர்ந்தாள். "இழுக்கல. இப்ப என்னங்கிற? அவளுக்கு இன்னும் பத்து வருஷம் கெடக்கு. உனக்கு இந்த ஒண்ணுதான். உனக்காகத்தான்டி செஞ்சோம்."

"எனக்காகவா?" தபால்காரியின் குரல் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "இதே வாசல்ல நின்னு ஆம்பளைங்ககிட்ட என்ன கேட்டோம்? பாவம் பாக்கச் சொல்லியா கேட்டோம்? கடிகாரத்தைக் கேட்டோம். அவங்க கூட அன்னிக்கு நேரத்தைத் திருடல. இன்னிக்கு ஒரு பொண்ணுகிட்டயிருந்து நாம திருடியிருக்கோம். அவ வீட்டுல போய் என்ன சொன்னா தெரியுமா? என் உடம்பு போதலன்னு. எந்தப் பேச்சை அடிச்சு விரட்ட இந்தப் படகுல ஏறினோமோ, அந்தப் பேச்சை நாமளே அவ வாயில வச்சுட்டோம்!"

"நாங்க திருடினோம்னா நீ மூணு நாளா என்ன செஞ்ச?" என்று கேட்டாள் டீச்சர் மெதுவாக.

"அதையே வச்சுப் பொழச்சேன். அதைச் சொல்லத்தான் கோச்கிட்ட போறேன். நீங்களும் வாங்க. வரலைன்னாலும் நான் போவேன்."

டீச்சர் முதலில் எழுந்தாள். பேக்கரிக்காரி அடுத்து. நெட்டை கடைசியாக வந்தாள்.

பயிற்றுநர் முழுவதும் கேட்டார். "சந்தேகப்பட்டிருக்கணும். அளவு வந்தா போதும்னு இருந்துட்டேன்," என்றார். மறு போட்டி சனிக்கிழமை என்றார். இம்முறை தோழியர் மூவரையும் ஒரே படகில் விடவில்லை. இரு படகுகளுக்கும் பிரித்துப் போட்டார். நாத்தனார் வந்தாள். கிடங்கில் அவள் எதையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அண்ணியோடு சைக்கிளில் வராமல் தனியே நடந்து வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை தபால்காரி தன் வாழ்நாளில் இழுக்காத இழுப்பை இழுத்தாள். விட்டுக்கொடுப்பதும் ஒரு திருட்டுதான் என்று இப்போது அவளுக்குத் தெரியும். முழங்கால் எரிந்தது; கண் இருண்டது; ஓர் இழுப்பைக்கூட அவள் தளர்த்தவில்லை. அப்படியும் இரண்டு ஓட்டங்களின் கணக்கில் நாத்தனார் அரைப் படகு நீளம் மேலே நின்றாள். கடிகாரம் சொன்னது, பயிற்றுநர் திருப்பிச் சொன்னார். யாரும் கை தட்டவில்லை. தபால்காரி படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கினாள். மூச்சு வந்ததும் தலை நிமிர்ந்து, "சரியான அளவு," என்றாள்.

இறுதிப் போட்டியன்று காற்று பக்கவாட்டில் அடித்தது. தொடக்கக் கோட்டில் படகுகள் நகராமலிருக்க, மிதக்கும் மேடையில் ஒருவர் குப்புறப் படுத்து ஒவ்வொரு படகின் பின்முனையையும் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு சங்கமும் தன் ஆளைத் தர வேண்டும். யார் என்று பயிற்றுநர் கேட்டபோது தபால்காரி கை தூக்கினாள்.

ஈரப் பலகையில் நெஞ்சு பதியப் படுத்து, இரு கைகளாலும் படகைப் பிடித்தாள். படகிலிருந்த நால்வரும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். நெட்டை பத்து நாளாக அவளோடு பேசவில்லை. இப்போதும் பார்வையை ஆற்றின் மேல் வைத்திருந்தாள். நாத்தனார் அவளை நேராகப் பார்த்தாள். வீட்டில் அவர்கள் சோறு, சாவி, தண்ணீர் என்பதற்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

காற்று படகின் தலையைத் திருப்பியது.

"அண்ணி, இடது பக்கம் இழுங்க," என்றாள் நாத்தனார்.

இழுத்தாள். படகு நேரானது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம். ஆங். அப்படியே பிடிச்சுக்கோங்க."

நால்வரும் முன்னே சாய்ந்து துடுப்புகளை நீரில் புதைத்தார்கள். ஆற்று நீரின் இழுப்பு முழுவதும் தபால்காரியின் தோளில் இறங்கியது. பதினோராண்டு உழைத்த தோள், தாங்கியது. தொடக்கக் கொடி விழுந்தது. அவள் கைகளை விட்டாள்.