இது பால் ஜுரம் இல்லடா

கண்டக்டரக்கா வாயைத் திறந்தால் பேருந்தே அடங்கும். அவளும் தம்பி பெண்டாட்டியும் எலியும் பூனையும்தான். ஆனால் குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் அந்தப் பெண் தூக்கம் தொலைத்து, பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அரற்றத் தொடங்கியபோது, லீவு போட்டுவிட்டு ஓடிவந்தவள் இந்த நாத்தனார்தான். மனநலப் பிரிவில் சேர்த்ததும் அவளே.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அவளைத் தனியே அழைத்தார். “இந்த மருந்து அபூர்வமா சிலருக்கு ஒத்துக்காது. ஜுரத்தோட உடம்பு விறைச்சுது, பேச்சு குழறுச்சுன்னா, அடுத்த மாத்திரை குடுக்காம உடனே கூட்டிட்டு வாங்க.”

மருந்தில் அந்தப் பெண்ணின் பயம் தெளிந்தது. அவளே பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். அப்புறம் ஒரு காலையில் அவள் உடம்பு அனலாய்க் கொதித்தது.

“பால் கட்டியிருக்கும். ஒத்தடம் குடுத்தா சரியாயிடும்” என்றான் தம்பி.

அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். வியர்வையில் நனைந்த ரவிக்கையை மாற்றலாமென்று கையை மடக்கினால், கட்டை மாதிரி நின்றது. “என்னம்மா பண்ணுது?” என்றதற்குப் பதில் வாய்க்குள்ளேயே உருண்டது. மார்பைத் தொட்டுப் பார்த்தாள். கட்டி எதுவும் இல்லை.

“இது பால் ஜுரம் இல்லடா. வண்டியைக் கூப்பிடு.”

“மாத்திரையைக் குடுத்துட்டுக் கிளம்பலாமே அக்கா.”

“அதைத்தான் குடுக்கக் கூடாது. அட்டையோட எடுத்துக்கோ, அங்க காட்டணும்.”

அவசரப் பிரிவில் அவள் வளவளக்கவில்லை. என்ன மாத்திரை, காலையிலிருந்து உடம்பு எப்படி, எல்லாம் மளமளவென்று சொன்னாள். கையை மடக்கிப் பார்த்த டாக்டர், தீவிர சிகிச்சைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பினார். “மருந்தோட வேலைதான். உயிருக்கே உலை வெச்சிருக்கும். நல்லவேளை, நேரத்தோட வந்துட்டீங்க.”

தம்பி வராந்தாவில் பிள்ளையை அணைத்துக்கொண்டு தேம்பினான். புட்டிப்பால் கலந்து கொடுத்தவள் அக்கா.

ஜுரம் இறங்கி, உடம்பு இளகிப் பேச்சு தெளியப் பல நாள் பிடித்தது. அதன் பிறகுதான் டாக்டரம்மா வேறொரு மருந்தை மெல்ல மெல்லத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்தவளைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, “உங்க நாத்தனாருக்கு ரொம்ப வாயாமே?” என்று கொக்கி போட்டாள்.

“வாய் என்னங்க வாய். என் உடம்பை என்னைவிட நல்லாப் பார்த்தவங்க அவங்க.”

அடுக்களையில் நின்ற அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. மறுநாள் வேலைக்குப் போனவள் முதல் நடையிலேயே டிரைவரிடம் சொன்னாள்: “எங்க வீட்டுப் பொண்ணு எழுந்து நடக்குறா அண்ணே. எமனையே பாதி வழியில இறக்கிவிட்டுட்டு வந்தவ அவ.”