ஓசி லினக்ஸும் என் ப்ளஸ் டூவும்

விண்டோஸ் சர்வரின் விலையைக் கேட்டதும் ரமேஷ்பாபு அத்தானுக்குச் சாயா புரையேறிவிட்டது. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிட்டங்கிக்கு மேல்மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்துகிறவர். ஒரே டெலிபோன் லைனை நாலுக்கும் பங்கு வைக்க, ப்ராக்ஸி என்று ஒரு பழைய பெட்டியைத் தயார் செய்துகொண்டிருந்தார். எறணாகுளத்தில் கள்ள சிடி கிடைக்கும்; ரெய்டு வந்தால் பெட்டியும் சேர்ந்து போகும். கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஓசியில் வந்த லினக்ஸைப் போட்டார். என் அக்கா மஞ்சுஷாவின் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, கஞ்சத்தனத்திலும் அவருக்கு மூளை உண்டு. ஒருமுறை பார்த்த பக்கத்தை ப்ராக்ஸி எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி கேட்டால் போன் பில் ஏறாமல் அதையே நீட்டும். நாள் முழுக்க அப்படி வைத்திருக்கும்படி மாற்றிவிட்டு, ஊரையே ஜெயித்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

ப்ளஸ் டூ ரிசல்ட் அன்று காலையில் முதல் ஆளாக என் எண்ணை அடித்தேன். கூடப் படிக்கிற அஜீஷ் கேட்டிருந்ததால் அவன் எண்ணையும் அடித்தேன். அரைப் பரீட்சையில் அவனைவிட எனக்குத்தான் மார்க் கூடுதல். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது: தேர்ச்சிப் பட்டியலில் இந்த எண் இல்லை.

மறுபடி அடித்தேன். அதே பதில்தான்.

"சுமா தோத்துட்டா," என்று அத்தான் சத்தமாகச் சொன்னார்.

"நெனச்சேன்," என்றாள் அக்கா.

கார்ப்பரேஷன் குப்பை வண்டியை ஓரம் கட்டிவிட்டு அப்பா மேலே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவே இல்லை.

"போட்டும் மோளே. வைப்பின் எறா கம்பெனியில செம்மீன் உரிக்க ஆள் வேணும்னு அங்க வேலை பாக்கற முப்பிடாதி சொன்னா. நாளைக்கே போயிக்கோ."

அங்கேயே போனை எடுத்து முப்பிடாதியிடம் சொல்லியும் விட்டார். காலேஜ் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

மத்தியானம் அஜீஷ் வந்தான். அத்தான் அவன் எண்ணை அடித்தார். பட்டியலில் இல்லை.

"அஜீஷ் தோக்கறதாவது? சும்மா இரி." அத்தான் எழுந்தே விட்டார். "இந்தப் பெட்டிக்குத்தான் என்னமோ கேடு."

ப்ராக்ஸியைக் கழற்றிவிட்டு, டெலிபோன் ஒயரை நேராக ஒரு கம்ப்யூட்டரில் சொருகினார். அஜீஷ் பாஸ். அப்போதுதான் விஷயம் புரிந்தது. காலையில் நான் அடித்தபோது போர்டுக்காரர்கள் பட்டியலையே ஏற்றியிருக்கவில்லை. அந்த நேரத்துப் பதிலை லினக்ஸ் பத்திரமாக எடுத்து வைத்து, கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்போ சுமா நம்பரையும் ஒருதடவ அடிங்க," என்றாள் அக்கா.

நானும் பாஸ்.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். விஷயம் கேள்விப்பட்ட அப்பா லட்டு டப்பாவோடு ஓடி வந்தார்.

"என் மோள் தோக்க மாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"ஓசி சாமானை நம்பினது என் தப்பு," என்று அத்தான் லினக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"லினக்ஸ விடுங்க அத்தான்," என்றேன். "அஜீஷ் நம்பர் இல்லைன்னதும் பெட்டியக் கழட்டிப் பாத்தீங்க. காலையில என் நம்பர் இல்லைன்னப்போ ஏன் பாக்கல?"

அப்பா லட்டு டப்பாவைத் திறக்காமலே நின்றார். பிறகு, முப்பிடாதிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முனகினார்.

"நானே சொல்லிக்கறேன்," என்று போனை என் பக்கம் இழுத்தேன்.