கறுப்பின் மேல் வெள்ளி

கார் ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் அவளுக்குச் சோதனைக் கூடத்து வேலை. விளக்கை எரியவிட்டு, எது தாங்குகிறது, எது பல்லிளிக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த முறை மேசைக்கு வந்தது அவள் புருஷன் விட்டுப்போன சரக்கு.

எல்இடி விளக்கில் வெளிச்சம் முன்னால் போய்விடும், சூடு பின்னால் தேங்கி நிற்கும். அதை வாங்கிக்கொள்ள முதுகில் ஓர் அலுமினியத் துண்டு இருக்கும், சீப்புப் பல் போலப் பிளந்து பிளந்து. பளபளக்கும் அலுமினியம் சரியான கஞ்சன், வாங்கிய சூட்டை லேசில் வெளியே விடாது. அதன் மேல் கறுப்பாக ஒரு பூச்சு பூசினால் விட்டுவிடும். அந்தப் பூச்சைக் கலந்து கலந்து பார்த்தே அவருடைய கடைசிக் காலம் போயிற்று. இறந்த அன்றும் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு. குளிப்பாட்டியவர்கள் அழுக்கென்று தேய்த்தார்கள். "அது போகாது, விடுங்க" என்றாள். அன்று அவள் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

அவர் நடத்திய பூச்சுப் பட்டறையை இப்போது பார்த்துக்கொள்வது அவர் தம்பி. கம்பெனி ஏற்றுக்கொண்டால் அவர் கலந்த கறுப்பு எத்தனையோ கார்களில் ஏறும். இல்லையென்றால் டப்பாவிலேயே காய்ந்து கட்டியாகிவிடும்.

ஏற்றுக்கொள்ள வேண்டியவர் கொள்முதல் மேனேஜர். தள்ளி நின்று குறிவைத்துச் சூடு பார்க்கும் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டே திரிவதால் 'துப்பாக்கி' என்று பட்டப்பெயர். போன வாரம் பூச்சில்லாத விளக்கையும் பூசிய விளக்கையும் எரியவிட்டுச் சுட்டுப் பார்த்தார். வெறும் அலுமினியம் நாற்பத்தைந்து டிகிரி காட்டியது. கறுப்பு எண்பத்து மூன்று.

"என்னம்மா இது, பூசினா சூடு ஏறுது! இதுக்கு ஒரு கோட்டிங் வேறயா?"

"சார், வெளியில வர்ற சூட்டைத்தான் அந்தத் துப்பாக்கி பாக்கும். பளபளப்பு சூட்டை உள்ளயே அமுக்கி வச்சுக்குது, அதான் கம்மியாக் காட்டுது. உலோகத்துலயே சூடு அளக்கற வயரை ஒட்டிப் பாத்தேன். வெறும் அலுமினியம் தொண்ணூத்தாறு சார். கறுப்பு அதே எண்பத்து மூணுதான்."

"வயரை ஒட்டினது யாரு?"

"நான்தான். இங்க வேற ஆள் ஏது?"

"சரக்கு யாரு வீட்டுது?"

அவள் வயரைப் பிய்த்துச் சுருட்டி வைத்தாள்.

அன்று சாயங்காலம் கொழுந்தனிடம் பொருமித் தீர்த்தாள். "பளபளன்னு இருந்தா அந்த ஆளுக்குக் குளுகுளுன்னு தெரியுது. கண்ணாடி மாதிரி மினுக்கிக் குடுத்தாக் கும்பிட்டு வாங்குவாரு!" எரிச்சலில் சொன்னது. அவன் அதை யோசனையாக எடுத்துக்கொண்டான்.

இன்று அவன் கொண்டுவந்த துண்டு வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது.

"அண்ணன் கறுப்பு அடியில பத்திரமா இருக்கு அண்ணி. மேல சும்மா ஒரு சட்டை" என்று காதோரம் சொல்லிவிட்டு வெளியே போனான். அவள் தடுப்பதற்குள் துண்டை விளக்கில் மாட்டிவிட்டார் துப்பாக்கி. சூடேறியதும் சுட்டார்.

"நாப்பத்தெட்டு! பாத்தீங்களா? கோட்டிங்னா இது! ரிப்போர்ட்ல கையெழுத்தப் போடுங்கம்மா."

போட்டுவிடலாம். கேட்பவர் யாருமில்லை. பேனாவை எடுத்தவள், அதை வைத்துவிட்டு வயரை ஒட்டினாள். தொண்ணூற்று நான்கு. இந்தச் சூட்டில் எல்இடி சீக்கிரம் மங்கிவிடும். இருட்டு ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு இவர் துப்பாக்கியா வழி காட்டும்?

"இது வேணாம் சார். கறுப்பு மேல வெள்ளி அடிச்சிருக்கு. உள்ள தொண்ணூத்தி நாலு."

"மறுபடியும் வயரா?" என்றவர் சட்டென்று நிறுத்தி அவளையே பார்த்தார். "உங்க வீட்டுச் சரக்கையே வேணாங்கறீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப வயர் பொய் சொல்லல."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆதரவாகச் சொன்னபோது எடுபடாத வயர், எதிராகச் சொன்னதும் யோக்கியமாகிவிட்டது.

"அப்பக் கறுப்புதான் சரி" என்றார்.

"அதைத்தானே சார் போன வாரம் தொண்டை கிழியச் சொன்னேன்!"

"சொன்னீங்க. ஆனா சாம்பிளை மாத்தி எங்கிட்டயே காட்டின பட்டறையில எப்படிம்மா வாங்கறது? கறுப்பு பூசறவங்க வேற இல்லையா? நான் பாத்துக்கறேன்."

"நான் வாய்விட்டதைக் கேட்டுத்தான் சார் அவன்..."

"உங்களைக் குறை சொல்லலம்மா" என்றார் தணிவாக. அந்தத் தணிவில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டைக் கழற்றிக் கந்தல் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் கொழுந்தன் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தான்.

"பாஸா அண்ணி?"

"கறுப்பு பாஸ்."

"சொன்னேன்ல! அண்ணன்னா சும்மாவா!"

"கறுப்புதான்டா பாஸ். நாம இல்ல. வேற ஆளுகிட்ட வாங்கறாராம்."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஒரு கையெழுத்துதானே அண்ணி? போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாம்."

"அண்ணன் இருந்திருந்தா..."

"உன் முதுகுத் தோலை உரிச்சிருப்பாரு. என்கிட்ட ஒரு மாசம் பேசியிருக்க மாட்டாரு."

அவன் துண்டைப் பிடுங்கி, வண்டிச் சாவியால் வெள்ளியைச் சுரண்டினான். வரவில்லை. அவள் சாவியை வாங்கி அழுத்திச் சுரண்டினாள். விரல்தான் வலித்தது.

"வராது அண்ணி" என்றான். "ஓவன்ல நல்லா வேக வச்சுட்டேன்."